மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடுகிற மனிதர்கள்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் ஃபுட்பால் வாட்ஸ்அப் குழுவில் மேட்ச் முடிந்த அரை மணி நேரத்தில் பேச்சு ஆட்டத்தை விட்டு எங்கேயோ போய்விடுகிறது. யார் எந்த நைட் கிளப்பில் இருந்தார், யார் என்ன கார் வாங்கினார், யார் முடியை எப்படி வெட்டிக்கொண்டார் என்றுதான் ஓடுகிறது. இதற்கும் ஆட்டத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படித்தான் இருக்கும்?”

சம்பந்தம் உண்டு. ஆனால் குழுவில் அடிபடுகிற விஷயங்களில் முக்கால்வாசிக்கு இல்லை. எது உண்மையில் ஒரு வீரரைக் கவிழ்க்கிறதோ அது பெரும்பாலும் நம் கண்ணில் படுவதே இல்லை. நான் வருஷக்கணக்கில் பின்தொடர்வது இங்கிலாந்து கால்பந்தைத்தான், அதனால் பதிலையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ரசிகர்களைப் பற்றி, அதாவது நம்மைப் பற்றி. வீரரின் நடத்தைக்கு நாம் மார்க் போடுவது ஸ்கோர்போர்டைப் பார்த்துத்தான். 2023 ஜூனில் மான்செஸ்டர் சிட்டி ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றபோது அந்த அணியின் ஜாக் கிரீலிஷ் நாள்கணக்கில் குடித்துக் கொண்டாடினார். தள்ளாடிக்கொண்டே பேட்டி கொடுத்தார், மழையில் சட்டையில்லாமல் பஸ்மேல் ஆடினார். ஊரே சிரித்தது, “நம்ம பையன்” என்று தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் அவருக்கு ஆட்டம் குறைந்தது. உடனே அதே வீடியோக்கள் “ஒழுக்கம் போதாது” என்பதற்குச் சாட்சியாகச் சுற்ற ஆரம்பித்தன. மாறியது எது? கோல்களும் அசிஸ்ட்களும்.

இன்னும் பழைய உதாரணம் பால் மெக்ராத். 1986 நவம்பரில் அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பயிற்சியாளராக வந்தபோது அங்கே குடி ஒரு பழக்கமாகவே ஊறியிருந்தது. அதை ஒழிக்க நினைத்தவர் 1989-ல் மெக்ராத்தை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றுவிட்டார். முழங்கால்கள் இரண்டும் போய்விட்ட, குடியை விட முடியாத ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதுதான் அன்றைய மதிப்பு. அந்த மனிதர் வில்லாவில் பயிற்சியில் அதிகம் கலந்துகொள்ளாமலேயே ஆடி, 1993-ல் சக வீரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். குடித்துவிட்டு ஆடிய ஆட்டங்களும் உண்டு என்று பின்னாளில் அவரே சொன்னார். வில்லா ரசிகர்கள் அவரை இன்றுவரை “கடவுள்” என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆக, குடி ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற நேர்க்கோட்டுச் சூத்திரம் மெக்ராத்திடம் வேலை செய்யவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்தால் கதை வேறு. மைதானத்துக்கு வெளியே அவர் பட்ட பாட்டைப் பார்த்து யாரும் பொறாமைப்பட மாட்டார்கள்.

சரி, அன்றாட வாழ்க்கை. இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடும் வீரர் ஒருவருடைய சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் பயிற்சி மைதானத்தில் இருக்க வேண்டும். காலைச் சாப்பாடு அங்கேயே. எடை பார்ப்பார்கள், பல கிளப்களில் உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சிறுநீரையும் பார்ப்பார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் ஓடினார் என்று கணக்கெடுக்கிற ஜிபிஎஸ் பனியனை மாட்டிக்கொண்டு பதினோரு மணிவாக்கில் புல்தரையில் இறங்கினால் ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஜிம், ஐஸ் குளியல், மசாஜ், மதியச் சாப்பாடு. இரண்டு மணிக்கு, போனால் மூன்று மணிக்கு, கார் வீட்டுக்குக் கிளம்பிவிடும். காயம்பட்டவர்களுக்கு மட்டும் நாள் நீளம், அவர்கள் முன்னால் வந்து பின்னால் போவார்கள். மேட்ச்சுக்கு முந்தின இரவு ஹோட்டல். சொந்த ஊரில் மேட்ச் என்றாலும் பல கிளப்களில் ஹோட்டல்தான். இரவு எட்டு மணி ஆட்டம் வெளியூரில் என்றால் வீடு வந்து சேர விடியற்காலை இரண்டு, மூன்று ஆகும். உடம்பில் கஃபீனும் பரபரப்பும் இறங்கியிருக்காது. தூக்கம் வராது.

ஆட்டத்துக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி ஜெர்மனியின் பெர் மெர்டெசாக்கர் 2018-ல் ஒரு பேட்டியில் திறந்து சொன்னார். உலகக்கோப்பை வென்றவர், ஆர்சனலின் கேப்டன். ஒவ்வொரு ஆட்டம் தொடங்குவதற்கு முன்னும் குமட்டும், வயிறு கலங்கும் என்றார். ஐநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் அப்படியே. டிவியில் நாம் பார்த்தது மைதானத்துக்குள் நிமிர்ந்து நடந்துவந்த ஆறரை அடி உயர மனிதரை மட்டும்தான்.

அந்த மத்தியானத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இருபத்திரண்டு வயசு. மதியம் மூன்று மணி. கையில் ஒரு வாரத்துச் சம்பளமே பல குடும்பங்களின் சில வருஷச் சம்பளம். பள்ளித் தோழர்கள் எல்லாரும் வேலையில். உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது, அது கிளப்பின் சொத்து. கடைத்தெருவுக்குப் போனால் செல்ஃபி கேட்டு நெருக்குவார்கள். பாதிப் பேர் சொந்த நாட்டிலேயே இல்லை. இந்த நேரத்தை என்ன செய்வது? இங்கிலாந்து கால்பந்தின் “களத்துக்கு வெளியே” வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு வெவ்வேறு தலைமுறைகள் சொன்ன பதில்தான் என்பது என் கணிப்பு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதில் பப். அப்புறம் பந்தயக் கடை. இப்போது கையிலிருக்கும் போன். வீடியோ கேம்களை நாம் கிண்டல் செய்கிறோம். 2018 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் கிரீஸ்மன் கோல் அடித்துவிட்டு ஃபோர்ட்நைட் கேமில் வரும் நடனத்தை ஆடியபோது பெரியவர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். இருக்கிற பதில்களிலேயே கெடுதல் குறைந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நல்ல பதில் கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஜேம்ஸ் மில்னர் 2002-ல் பதினாறு வயதில் லீட்ஸுக்காகக் களமிறங்கினார். மது தொடுவதில்லை. லிவர்பூலில் இருந்தபோது ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். இவ்வளவு சலிப்பூட்டும் மனிதரா என்று கேலி செய்ய அவர் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு தொடங்கி யாரோ பிரபலமானார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தாண்டிப் போனவர் அவர்! பிரெஞ்சு வீரர் காண்டே வேறு ரகம். பிரீமியர் லீக் பட்டம் வாங்கிய பிறகும் மினி கூப்பர் காரில்தான் வந்துபோனார். 2018 செப்டம்பரில் பாரிஸுக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டு, லண்டனில் ஒரு மசூதிக்குத் தொழப் போனவரை அங்கே சந்தித்த ரசிகர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அதுவும் ஆர்சனல் ரசிகர். செல்சி வீரர் காண்டே போனார், கறிச் சாப்பாடு சாப்பிட்டார், ஃபிஃபா வீடியோ கேம் விளையாடினார், அவர்களோடு உட்கார்ந்து டிவியில் அன்றைய ஆட்டங்களின் தொகுப்பைப் பார்த்தார். இதை எளிமைக்கு உதாரணமாக எல்லாரும் பகிர்ந்தார்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ரயில் போய்விட்டது, போக இடமில்லை, ஒருவர் கூப்பிட்டார், போனார். எல்லா மனிதர்களும் செய்வதுதான். ஒரு ஃபுட்பால் வீரர் செய்ததும் நமக்கு அது செய்தியாகிவிடுகிறது.

ஏன் செய்தியாகிறது? ஒரு காலத்தில் இவர்கள் நம் பக்கத்துத் தெருக்காரர்கள். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் வீரர்களுக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. ரசிகர் போகும் அதே பஸ்ஸில் வீரரும் போவார், அதே பப்பில் குடிப்பார். அவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கு நேரில் தெரியும். இன்று பெரிய மதில், கறுப்புக் கண்ணாடி போட்ட கார். நேரில் தெரிந்துகொள்ள வழி இல்லாதபோது வதந்தி அந்த இடத்தை நிரப்புகிறது. திருடர்களுக்கு மட்டும்தான் இவர்களுடைய நேரம் துல்லியமாகத் தெரியும் போலிருக்கிறது: ஆட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் எங்கே என்று உலகத்துக்கே தெரியும் அல்லவா. கிரீலிஷ் 2023 டிசம்பரில் எவர்ட்டனோடு மோதப் போயிருந்த இரவில் அவர் வீட்டில் குடும்பத்தார் இருக்கும்போதே திருடர்கள் புகுந்தார்கள். 2022 உலகக்கோப்பையின்போது வீட்டில் நடந்த திருட்டுக்காக இங்கிலாந்து வீரர் ரஹீம் ஸ்டெர்லிங் கத்தாரிலிருந்து பாதியில் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

குடிக்கு வருவோம். ஜார்ஜ் பெஸ்ட் கதை எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கிவிடலாம்: 1968-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர், 1974 தொடக்கத்தில் 27 வயதில் யுனைடெட்டை விட்டு வெளியே, 2002-ல் கல்லீரல் மாற்று அறுவை, 2005 நவம்பரில் 59 வயதில் மரணம். சாகப்போகும் நாட்களில் மஞ்சள் பூத்த முகத்தோடு படுக்கையிலிருந்து படம் எடுக்கவிட்டு, தன்னைப்போல் சாக வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸின் கதை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் ஒரு முழு அமைப்பு தெரிகிறது. அன்றைய ஆர்சனலில் “செவ்வாய்க்கிழமை கிளப்” என்றே ஒரு வழக்கம். புதன் விடுமுறை, அதனால் செவ்வாய் பயிற்சி முடிந்ததும் கேப்டன் தலைமையில் நேராகக் குடிக்கப் போவார்கள். மத்தியானத்தை இவ்வளவு ஒழுங்காக அட்டவணை போட்டு நிரப்பிய வேறு கிளப் இருந்திருக்குமா தெரியாது! 1990 மே மாதம் ஆடம்ஸ் சட்டம் அனுமதிக்கிற அளவைவிடப் பல மடங்கு குடித்துவிட்டு எஸெக்ஸில் காரைச் சுவரில் மோதினார். டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை, பாதியை உள்ளே கழித்தார். அந்த சீசன் முழுவதும் ஆர்சனல் லீக்கில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம், அவர் சிறையில் இருந்தபோது செல்சியிடம். பட்டம் ஆர்சனலுக்குத்தான். வெளியே வந்ததும் ரசிகர்கள் அவரைக் கொண்டாடித்தான் வரவேற்றார்கள். ஜெயிக்கிற கேப்டனிடம் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அந்தக் கொண்டாட்டம் அவருக்கு இன்னும் ஐந்து வருஷக் குடியைச் சம்பாதித்துக் கொடுத்தது என்பேன். அவருடைய சகா பால் மெர்சன் 1994 நவம்பரில் குடி, கோகெய்ன், சூதாட்டம் மூன்றையும் கண்ணீரோடு ஒப்புக்கொண்டபோதுகூட ஆடம்ஸ் நிறுத்தவில்லை. 1996 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை வழிநடத்தியபோது குடிக்காமல் தாக்குப்பிடித்தார். ஜெர்மனியிடம் அரையிறுதியில் தோற்றதும் ஆரம்பித்து, கடைசியாகக் குடித்தது ஆகஸ்ட் 16. செப்டம்பரில் சக வீரர்கள் முன்னால் நின்று “நான் குடிநோயாளி” என்றார்.

சில வாரங்களில் புதிய பயிற்சியாளராக ஆர்சன் வெங்கர் வந்து சேர்ந்தார். வேகவைத்த மீன், காய்கறி, இனிப்புக்குத் தடை. முதல் ஆட்டத்துக்குப் போகிற வழியில் பஸ்ஸின் பின்னாலிருந்து “எங்களுக்கு மார்ஸ் பார் வேண்டும்” என்று அந்தச் சாக்லேட்டைக் கேட்டு வீரர்கள் கோரஸ் பாடிய கதையை அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். 1998 மே மாதம் எவர்ட்டனுக்கு எதிராக ஆடம்ஸ் இடதுகாலால் அடித்த நான்காவது கோலோடு பட்டம் உறுதியானது, அந்த வருஷம் லீக் பட்டமும் எஃப்ஏ கப்பும் சேர்ந்து வந்தன. பெருமையை எல்லாரும் வெங்கரின் சாப்பாட்டு மேசைக்குக் கொடுக்கிறார்கள். மீன் நல்லதுதான். ஆனால் ஆடம்ஸ் அவர் வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டார் என்பதை மறக்கக் கூடாது. அந்த மத்தியானங்களில் அவர் குடியை விட முயல்கிறவர்களின் கூட்டங்களுக்குப் போனார், படித்தார், பியானோ கற்றுக்கொண்டார். 2000-ல் வீரர்களுக்காகவே ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்.

இப்போது நாம் பேசித் தவறவிட்ட ஒரு வீரர், டெலி ஆலி. 2015-ல் எம்கே டான்ஸ் என்ற கிளப்பிலிருந்து டாட்டன்ஹாம் அவரை வாங்கியது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் சிறந்த இளம் வீரர் விருது. 2016-17-ல் நடுக்களத்தில் ஆடிக்கொண்டு லீக்கில் மட்டும் 18 கோல். அப்புறம் சரிவு. அந்தச் சரிவுக்கு ரசிகர்கள் வைத்திருந்த விளக்கம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: ஃபேஷன் விளம்பரம், கேம், பார்ட்டி, காதலி. சோம்பேறி என்று டாட்டன்ஹாமின் அன்றைய பயிற்சியாளர் மொரினியோ முகத்துக்கு நேராகச் சொல்வது ஆவணப்படத்தில் பதிவாகியிருந்தது, அதைக் கத்தரித்துக் கத்தரித்துப் பகிர்ந்தோம். 2023 ஜூலையில் முன்னாள் வீரர் கேரி நெவிலோடு உட்கார்ந்து டெலி பேசினார். ஆறு வயதில் பாலியல் துன்புறுத்தல். எட்டு வயதில் போதைப்பொருள் விற்கவைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் வேறு குடும்பம் எடுத்து வளர்த்தது. அண்மைக் காலத்தில் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி அமெரிக்காவில் ஆறு வாரம் சிகிச்சை எடுத்துவிட்டு வந்திருந்தார். தூங்குவதற்கு என்று ஆரம்பித்தது, மனசை மரத்துப்போகச் செய்வதற்கு என்று ஆகிவிட்டிருந்தது. 24 வயதில் ஒரு நாள் காலை கண்ணாடி முன்னால் நின்று, இப்போதே ஓய்வு பெற்றுவிடலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். அந்த மாத்திரைப் பிரச்சினை நாம் நினைப்பதைவிடக் கால்பந்தில் அதிகம் பரவியிருக்கிறது என்றார்.

மேலே சொன்ன விடியற்காலை மூன்று மணியை நினைத்துப் பாருங்கள். மாத்திரை யாரோ ஒரு கெட்ட சகவாசத்தின் மூலம் வருவதில்லை. ஆட்ட அட்டவணையின் வழியாகவே உள்ளே வருகிறது. மறுநாள் காலை பயிற்சி இருக்கிறது, தூக்கம் வரவில்லை, மாத்திரை கிடைக்கிறது. விளம்பரத்தில் போட்ட சட்டைக்கும் முடிவெட்டுக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

ஜேக் லிவர்மோர் கதையும் அப்படித்தான். 2015-ல் ஹல் சிட்டியில் இருந்தபோது அவர் சோதனையில் கோகெய்ன் தென்பட்டது. வழக்கமான வசவுகள் எல்லாம் வந்தன. விசாரணை முடிவில் கால்பந்துச் சங்கம் அவருக்குத் தடையே விதிக்கவில்லை. முந்தின வருஷம் அவருடைய பச்சிளங்குழந்தை இறந்திருந்தது. அந்தத் துக்கத்தை அவர் யாரிடமும் வெளிக்காட்டாமல் ஆடிக்கொண்டிருந்தார். 2017-ல் திரும்ப இங்கிலாந்து அணிக்கே ஆடினார்.

இதிலிருந்து “எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும்” என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்குத்தானே கெடுதல் செய்துகொள்வதும் அடுத்தவருக்குச் செய்வதும் வேறு வேறு, இந்தக் கோட்டை ரசிகர் பேச்சு அடிக்கடி அழித்துவிடுகிறது. வெஸ்ட் பிராம் முன்கள வீரர் லீ ஹியூஸ் 2003-ல் கார் மோதி ஒருவர் இறந்த இடத்தை விட்டுப் போய்விட்டார். 2004-ல் ஆறு வருஷத் தண்டனை, மூன்று வருஷத்தில் விடுதலை, உடனே ஓல்டம் கிளப்பில் ஒப்பந்தம். எதிரணி ரசிகர்கள் பாட்டுக்கட்டி ஏசினார்கள், சொந்த ரசிகர்கள் கோலுக்குக் கைதட்டினார்கள். இறந்தவரின் குடும்பம் இரண்டு கூட்டத்துக்குமே நினைவில் இல்லை. கர்ட் ஸூமா 2022 பிப்ரவரியில் பூனையை உதைக்கிற வீடியோ வெளிவந்த மறுநாளே வெஸ்ட் ஹாம் அவரை இறக்கியது, ஏனென்றால் தடுப்பாட்டத்துக்கு அவர் தேவைப்பட்டார். நீதிமன்றம் பின்னர் 180 மணி நேரச் சமூகப் பணியும் ஐந்து வருஷம் பூனை வளர்க்கத் தடையும் கொடுத்தது. வன்முறை, பெண்கள் மேல் அத்துமீறல் என்று புகார் எழும்போதும் முதல் கேள்வி “சனிக்கிழமை ஆடுவாரா” என்பதுதான். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய மார்கஸ் ராஷ்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம். 2020 ஜூனில் கோடை விடுமுறையிலும் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு உதவி தொடர வேண்டும் என்று எம்பிக்களுக்குத் திறந்த மடல் எழுதினார். சிறுவயதில் அந்தச் சாப்பாட்டை நம்பி வளர்ந்தவர். அரசு இரண்டு நாளில் இறங்கி வந்தது, சுமார் 13 லட்சம் குழந்தைகளுக்கு அந்த உதவி கிடைக்கும் நிலை உண்டானது. பலர் வாழ்த்தினார்கள், “பந்தை மட்டும் பார்க்கட்டும்” என்ற கூட்டமும் இருந்தது. 2021 ஜூலையில் யூரோ இறுதியில் பெனால்டி தவறியதும் அந்தக் கூட்டத்தின் குரல் பெரிதானது, நிறவெறி வசவோடு சேர்ந்து. இயக்கம் உச்சத்தில் இருந்த 2020-21 சீசனில் அவர் அடித்தது 21 கோல். ஆக “வெளி வேலை ஆட்டத்தைக் கெடுத்தது” என்பது கணக்கில் நிற்கவில்லை. 2024 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட் நைட் கிளப்பில் இரவைக் கழித்துவிட்டு உடம்பு சரியில்லை என்று பயிற்சிக்கு வராமல் இருந்ததற்காக கிளப் அபராதம் போட்டது, அது நியாயமான அபராதம். நான்கு வருஷத்துக்கு முன் குழந்தைகளின் சாப்பாட்டுக்காகப் பேசியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிவதில்லை.

கடைசியாகச் சூதாட்டம். இன்றைய மத்தியானத்தின் ஆபத்தான பதில் இதுதான். குடித்தால் வாசனை வரும், எடை ஏறும், காலையில் கோச் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பந்தயம் கட்டினால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. டீம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் போனில் முடித்துவிடலாம். அத்தோடு, இவர்கள் வளர்க்கப்படுவதே ஜெயிக்கிற நொடியின் கிளர்ச்சிக்காக. மத்தியானம் அந்தக் கிளர்ச்சியை வேறு எங்கே வாங்குவது? மெர்சன் குடியை விட்ட பிறகும் சூதாட்டம் அவரை விடவில்லை. வாழ்நாளில் எழுபது லட்சம் பவுண்டு அளவுக்கு இழந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

2014 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்துத் தொழில்முறை வீரர்கள் உலகத்தில் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மேலும் பந்தயம் கட்டக் கூடாது. ஜோய் பார்ட்டன் பத்து வருஷத்தில் 1,260 பந்தயங்களுக்காக 2017-ல் 18 மாதத் தடை வாங்கினார், மேல்முறையீட்டில் அது குறைந்தது. கால்பந்தே சூதாட்டப் பணத்தில் ஓடிக்கொண்டு வீரரை மட்டும் குற்றம் சொல்கிறது என்று அவர் அப்போது சாடினார். பார்ட்டன் சொல்கிற எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற ஆள் நானில்லை, ஆனால் இதில் அவர் சொன்னது சரி.

ப்ரெண்ட்ஃபோர்ட் கிளப்பின் முன்கள வீரர் ஐவன் டோனிக்கு 2023 மே மாதம் எட்டு மாதத் தடை, 232 பந்தய விதிமீறல்களுக்காக. அவருக்குச் சூதாட்ட அடிமை நோய் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்ததால்தான் பதினொரு மாதம் எட்டாகக் குறைந்தது. அவர் மார்பில் போட்டு ஆடிய ப்ரெண்ட்ஃபோர்ட் ஜெர்சியின் ஸ்பான்சர் ஒரு பந்தய நிறுவனம், ஹாலிவுட்பெட்ஸ். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. தடையின் முதல் நான்கு மாதம் அவர் கிளப்போடு பயிற்சி செய்யவும் கூடாது. மத்தியானம் காலியாக இருந்ததால் நோயில் விழுந்த மனிதருக்குத் தண்டனையாக அவருடைய காலையையும் காலியாக்கிவிட்டார்கள்.

அதே வருஷம் அக்டோபரில் நியூகாஸிலின் சாண்ட்ரோ டொனாலிக்கு இத்தாலியச் சங்கம் பத்து மாதத் தடை விதித்தது. கூடவே எட்டு மாதத்துக்குச் சிகிச்சை, சூதாட்டத்தைப் பற்றி இளைஞர்களிடம் பதினாறு முறை போய்ப் பேச வேண்டும் என்ற நிபந்தனை. மிலனில் இருந்தபோது சொந்த அணி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியவர் அவர். ஆனால் பயிற்சிக்குத் தடை இல்லை. தடைக்காலம் முழுக்க தினமும் காலையில் நியூகாஸில் மைதானத்துக்கு வந்து சக வீரர்களோடு ஓடினார், சாப்பிட்டார். ரசிகர்களும் அவரைக் கைவிடவில்லை. 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் லிவர்பூலை வென்று நியூகாஸில் எழுபது வருஷத்தில் முதல்முறையாக உள்நாட்டுக் கோப்பை ஒன்றைத் தூக்கியபோது நடுக்களத்தில் இருந்தது டொனாலிதான். டோனியும் நன்றாகவே திரும்பினார், 2024 ஜனவரியில் முதல் ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல். இருந்தாலும் இரண்டில் எந்த ஏற்பாடு மனுஷத்தனமானது என்று கேட்டால் எனக்குச் சந்தேகம் இல்லை.

2025-26 சீசன் முடிந்ததும் ஜெர்சியின் முன்பக்கத்திலிருந்து பந்தய நிறுவனங்களின் பெயரை எடுத்துவிடுவது என்று 2023 ஏப்ரலிலேயே பிரீமியர் லீக் கிளப்கள் ஒப்புக்கொண்டன. முன்பக்கம் மட்டும். சட்டைக் கையிலும் மைதான ஓர விளம்பரப் பலகைகளிலும் அவை இருக்கலாம். உங்கள் குழுவில் அடுத்த முறை யாராவது இப்படித் தடை வாங்கினார் என்று செய்தி வந்தால், எத்தனை மேட்ச் போகும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: பயிற்சிக்குப் போக அவருக்கு அனுமதி இருக்கிறதா, இல்லையா?